மகரக்கட்டு

தமிழ் நாடக மேடையில் பல்லாண்டுகள் வழங்கி, இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துபோன சொல் ஒன்று உண்டு. 'மகரக்கட்டு' என்பது அது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் ஆண்பிள்ளைகளுக்குத் தொண்டை உடைந்து குரல் மாறும் பருவத்தையே நாடகக்காரர்கள் அப்பெயரால் குறித்தனர். நம் வீடுகளில் ஒரு பையனுக்குக் குரல் கரகரத்தால் தாய்மார் தமக்குள் சிரித்துக்கொள்வர். பிள்ளை பெரியவனாகிறான் என்று தந்தைமார் மனம் மகிழ்வர். பாலர் நாடக சபைகளிலோ அதைப்போன்ற பேரிடி வேறொன்று இல்லை. நேற்றுவரை இராஜபார்ட் தரித்துக் கொட்டகை நிறைந்த மக்களின் கரகோஷத்தைப் பெற்ற பிள்ளை, இன்று பல்லவியை எடுத்தவுடன் குரல் இரண்டாகப் பிளக்க, முன்வரிசையில் இருப்போர் நகைக்கின்றனர். மறுவாரம் அவன் கிரீடம் வேறொரு சிறுவன் தலையில் ஏறுகிறது.

நடிகனுடைய வளர்ச்சிக்குத் தோல்வி எவ்வகையில் உதவுகிறது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் மேல்நாட்டு நடிகர்களின் சரிதங்களையே புரட்டுகின்றனர். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய நாடக மரபிலேயே, தோல்வி என்பது எப்போதோ நேரும் விபத்தாக இராமல், தொழிலில் இறங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய வயதில் வந்தே தீரும் ஒன்றாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தமிழர் போற்றிய பெருநடிகருள் பலர் அந்த வாயிலின் வழியாகவே வந்தவர்கள். அவர்கள் குரலை இழந்திருந்த காலத்தில் என்ன கற்றார்களோ, அதுவே பிற்காலத்தில் அவர்களுடைய நடிப்பாயிற்று என்பது என் துணிபு.

பாலர் சபைகள் ஏன் தோன்றின என்பதை முதலில் சொல்ல வேண்டும். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலாக நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர். அவரும் முதலில் நடிகராகவே இருந்தார். எமன், சனீசுவரன் போன்ற கொடிய வேடங்களே அவர்க்கு உரியவை. அவருடைய எமன் வேடத்தைக் கண்டு கருவுற்றிருந்த பெண் ஒருத்தி அஞ்சிக் கருக் கலைந்தாள் என்றும், அதுமுதல் அவர் அரிதாரம் பூசுவதை விட்டு ஆசிரியராகவே அமைந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருவர். நடிப்பு மிஞ்சிப்போனதால் நடிப்பைத் துறந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

வளர்ந்த நடிகர்களை வைத்து நாடகம் நடத்துவது அந்நாளில் எளிதாக இல்லை. குடிப்பழக்கம் ஒருபுறம், எழுதிய பாடத்தை விட்டு மேடையிலேயே தத்தம் புலமையைக் காட்டிப் போட்டியிடும் வழக்கம் மற்றொருபுறம், குறித்த நேரத்தில் வாராமை வேறு. இவற்றால் மனம் சலித்த சுவாமிகள், சொன்னதைச் சொன்னவாறு கேட்கும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் வழியை நாடினார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவர் தலைமையில் தொடங்கிற்று. ஜெகந்நாத ஐயர் நடத்திய கம்பெனியும், சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் அத்தகையனவே. ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் அவற்றில் சேர்ந்தனர். கலைத் தாகத்தால் சேர்ந்தோர் சிலர். இரண்டு வேளைச் சோறு கிடைக்கும் என்பதற்காகப் பெற்றோர் கொண்டுவந்து விட்டவர்கள் மிகப் பலர்.

கம்பெனி வாழ்க்கை இராணுவ ஒழுங்கைப் போன்றது. விடியற்காலையில் எழுந்து சாதகம், பின்னர் வாத்தியார் முன் உட்கார்ந்து பாடம் நெட்டுருச் செய்தல், மாலையில் ஒத்திகை, இரவு ஒன்பதரைக்கு மேல் தொடங்கும் நாடகம் பொழுது புலரும்வரை. பாடம் தவறினால் பிரம்பு பேசும். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் சீன்களையும் பெட்டிகளையும் இரயிலேற்றி அடுத்த ஊருக்குச் சென்று கொட்டகை போடுவர். இத்தனைக்கும் நடுவே அப்பிள்ளைகள் பெற்ற பயிற்சி சாமானியமானதன்று. எட்டு வயதுப் பிள்ளையான தி. க. சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக அன்பர்கள் நன்கறிந்த செய்தி. அச்சிறுவன் அத்தனை பாடல்களையும் பாடமாக்கி மேடையேறினான் என்பதை எண்ணும்போது, எழுதியவரைவிடப் படித்தவனை வியப்பதா என்று தோன்றுகிறது.

இந்த அமைப்பு முழுவதும் நின்றது ஒரேயொரு தூணின்மேல், அது குரல். அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கியாஸ் விளக்கு வெளிச்சத்தில், தகரக் கொட்டகையில், கடைசியில் மண்தரையில் அமர்ந்திருக்கும் மனிதனுக்கும் சாகித்தியம் தெளிவாக விழவேண்டும். ஆதலின் நாலரைக் கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவதே நடிகனுக்கு இலக்கணமாயிற்று. செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரல் எட்டிய உயரத்தை அளவுகோலாகக் கொண்டே பிறரை மக்கள் மதிப்பிட்டனர். சிறுவர்களின் இயற்கைக் குரல் அந்த உயரத்துக்கு எளிதில் ஏறும். பாலர் சபைகள் செழித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் குரலை இயற்கை கடனாகத்தான் கொடுத்திருந்தது. பருவம் வந்ததும் குரல்வளை வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவு குரல் கீழே இறங்குகிறது. அது நிலைபெறும்வரை, சில மாதங்களேனும், மேலே எடுத்தால் கீழே விழும். கீழே எடுத்தால் காற்றாகப் போகும். இதற்கு மருந்து இல்லை. காத்திருத்தல் ஒன்றே வழி. ஆனால் கம்பெனி முதலாளிக்கோ காத்திருக்க நேரமில்லை. அன்றைய வசூல் அன்று வேண்டும்.

அப்பொழுது அந்தப் பிள்ளைக்கு நேர்வது என்ன? பாட்டில்லாத சேவகன் வேடம் கிடைக்கும். கூட்டத்தில் ஒருவனாக நிற்கலாம். சிலர் பபூன் வேடத்துக்கு மாற்றப்பட்டனர். சிலர் திரை இழுக்கவும், உடுப்புப் பெட்டிகளைக் காக்கவும் வைக்கப்பட்டனர். ஆர்மோனியத்திலோ மிருதங்கத்திலோ கைபழகிப் பக்கவாத்தியக்காரரானோரும் உண்டு. ஸ்திரீபார்ட் போட்ட பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். குரலோடு மீசையும் அரும்பித் தொழிலைக் கெடுத்தது. மிகப் பலர் சொல்லிக்கொள்ளாமலே ஊர் திரும்பினர். பத்தாண்டுகள் கோவலனும் அரிச்சந்திரனும் மனப்பாடமாக இருந்த அப்பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது. பிறிதொரு தொழில் தெரியாது. அவர்களுடைய பெயர்கள் நோட்டீஸ்களோடு மறைந்துவிட்டன. தோல்வி மனிதனை உயர்த்தும் என்று மேடையில் முழங்குவோர் இவர்களையும் ஒரு கணம் நினைத்தல் நலம். எல்லோரையும் அது உயர்த்தவில்லை. கம்பெனிகள் இப்பிள்ளைகளுக்குச் செய்தது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

உயர்ந்தவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா. அவர் தந்தையார் உலகநாத பிள்ளையும் நாடக நடிகரே. சிறுவயதில் மீனலோசனி சபையில் சேர்ந்து, பின்னர் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்தவர். அங்கே 'பாதுகா பட்டாபிஷேக'த்தில் பரதனாகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றார். பிறகு மகரக்கட்டு வந்தது. கம்பெனியை விட்டு விலகிப் புதுக்கோட்டை சேர்ந்தார்.

இவ்விடத்தில்தான் அவர் பிறரினின்றும் வேறுபடுகிறார். குரல் திரும்பும்வரை திண்ணையில் உட்கார்ந்திராமல், அதுவரை கேள்வி ஞானமாக இருந்த சங்கீதத்தை முறைப்படி ஆசிரியர்களிடம் கற்கத் தொடங்கினார். தேகப்பயிற்சிசாலைக்குச் சென்று பளு தூக்கினார், குஸ்தி பழகினார், சிலம்பத்தில் தேர்ந்தார். கம்பெனியில் இருந்தவரை இவற்றுக்கெல்லாம் அவகாசம் ஏது? இரவெல்லாம் நாடகம், பகலெல்லாம் பாடம். தோற்றுப்போனதால் கிடைத்த ஓய்வு அது. பின்னர் ஸ்பெஷல் நாடகங்களில் நடித்து, 1936-இல் ஜூபிடர் நிறுவனத்தாரின் 'சந்திரகாந்தா' வழியாகத் திரையுலகில் புகுந்தார்.

அத்தோடு துன்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்து வந்த சில படங்கள் அவரை உயர்த்தவில்லை, வாய்ப்புகள் குறைந்தன. மீண்டும் ஊருக்கு வந்தார். மனம் வெறுத்து நாற்பது நாள் மௌனவிரதம் பூண்டிருந்தார் என்று சொல்வர். பாடிப் பிழைக்கும் மனிதன் தானாகவே குரலைப் பூட்டிக்கொண்டான் என்பது எவ்வளவு விநோதம்! முன்னே இயற்கை விதித்த மௌனத்தை இப்பொழுது அவரே விதித்துக்கொண்டார் என்று கொள்ளலாம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் 1940-இல் 'உத்தமபுத்திர'னை எடுத்தபோது சின்னப்பாவுக்கே இரட்டை வேடம் கொடுத்தார். நல்லவனும் தீயவனுமாகிய இரு சகோதரர்; ஒரே முகம். குரலால் மட்டும் நடிக்கத் தெரிந்தவன் அவ்வேடத்தில் தோற்றிருப்பான். நடை, நிற்கும் நிலை, தோளின் அசைவு, வாளைப் பற்றும் விதம் ஆகியவற்றால்தான் இருவரையும் பிரித்துக் காட்ட முடியும். புதுக்கோட்டைப் பயிற்சிசாலையில் பெற்ற உடல் அங்கே பேசிற்று. பின்னர் 1941-இல் 'ஆரியமாலா', 1942-இல் 'கண்ணகி', 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்' என அடுக்கடுக்காக வெற்றிகள். 'ஜகதலப்பிரதாப'னில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரரும் அவரே என ஒரு கச்சேரி முழுவதையும் பல சின்னப்பாக்களே நடத்தும் காட்சி ஒன்று உண்டு. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பாராத இளைஞர்கள் தேடிப் பார்க்கலாம். 1951 செப்டம்பரில், முப்பத்தாறு வயதும் நிறையாத பருவத்தில், அவர் மறைந்தார்.

சின்னப்பா பரதனாகத் தோன்றிய அதே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இரு சகோதரர் இருந்தனர்: சக்கரபாணி, இராமச்சந்திரன். கும்பகோணத்தில், வறுமையின் பிடியில் தாயார் சத்தியபாமா அவர்களை நாடகத்துக்கு அனுப்பினார். இராமச்சந்திரனையும் குரல் மாறும் பருவம் விட்டுவைக்கவில்லை. சின்னப்பாவுக்குச் சங்கீதம் திரும்பிவந்தது. இவருக்கோ பாட்டு ஒரு தொழிலாக வாய்க்கவே இல்லை. பாட்டே நடிப்பு என்றிருந்த உலகில் பாடாத ஒருவன் நாயகனாவது எங்ஙனம்? 1936-இல் 'சதிலீலாவதி'யில் ஒரு போலீஸ் அதிகாரியாகத் தலைகாட்டியவர், 1947-இல் 'ராஜகுமாரி'யில்தான் நாயகனானார். நடுவே கழிந்தவை பதினோர் ஆண்டுகள்! அந்தப் பதினோர் ஆண்டுகளில் வாள்வீச்சையும் சிலம்பத்தையும் உடற்பயிற்சியையும் அவர் நோன்பாகவே கொண்டார். பிற்காலத்தில் எந்தச் சண்டைக்காட்சிகளுக்காக மக்கள் அவரைக் கொண்டாடினார்களோ, அவையெல்லாம் பாட்டு இல்லாத வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஒரு துணைநடிகர் தேடிக்கொண்டவை.

இந்நேரத்தில் தொழிலிலேயே ஒரு மாறுதல் நிகழ்ந்து கொண்டிருந்தது. 1945-இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் 'ஸ்ரீவள்ளி'யை எடுத்தார். கதாநாயகி குமாரி ருக்மிணியின் பாட்டுக் குரல் மனநிறைவைத் தராமையால், பி. ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து, அப்பாடல்களை உதட்டசைவோடு பொருத்தினார். ஒரு நடிகையின் குரல் தவறியதைச் சரிக்கட்டச் செய்த அந்த ஏற்பாட்டின் வழியே, பின்னணிப் பாட்டு வேரூன்றியது. பாடுவார் வேறு, நடிப்பார் வேறு என்றாயிற்று. 1954-இல் 'மலைக்கள்ள'னில் இராமச்சந்திரனுக்கும், அதே ஆண்டில் 'தூக்குத் தூக்கி'யில் கணேசனுக்கும் டி. எம். சௌந்தரராஜன் பாடினார். தமிழ் நடிகன் தலைமேல் இருந்த மிகப் பெரிய சுமை இறங்கிவிட்டது. ஆனால் அது இறங்கிய தருணத்தில், மேடையில் உடலாலும் பேச்சாலும் நடிக்கக் கற்றிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், பாட்டு கைவிட்ட பாலர் கம்பெனிப் பிள்ளைகளே முன்வரிசையில் நிற்கின்றனர்.

பேச்சு என்றதும் பம்மல் சம்பந்த முதலியாரை நினையாதிருக்க முடியாது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர் அவர். வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை வேளைகளில் கூடிப் பொழுதுபோக்காக நாடகமாடிய சபை அது. அவர்களுக்குக் குரல் வயிற்றுப்பாடு அன்று. குரல் உடைந்தால் கிரீடம் போகுமே என்ற அச்சமும் இல்லை. அவர்களுக்காக முதலியார் வசனத்தை முதன்மையாகக் கொண்ட நாடகங்களை எழுதினார். அவற்றுள் 'மனோகரா' பின்பு தொழில்முறைக் கம்பெனிகளுக்கும் சென்றது. ஐந்து கட்டையில் பாட இயலாத இளைஞனும் அரசகுமாரனாக மேடையேற அந்நாடகம் இடம் கொடுத்தது. நம்போன்று வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் நடத்தும் சங்கங்களின் ஆண்டுவிழா நாடகங்கள், வம்சாவழியில் அந்தச் சுகுண விலாச சபையின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். ஆபீஸ் முடிந்து வந்து ஒத்திகை பார்ப்பதிலிருந்து, வசனம் மறந்தவர்க்குத் திரைமறைவில் எடுத்துக்கொடுப்பதுவரை எல்லாம் அங்கிருந்து வந்தவையே. ஒலிபெருக்கி மட்டும் நமக்கு உபரி. அது அடிக்கடி சதி செய்வதும் உண்டு.

'மனோகரா' 1954-இல் திரைப்படமானபோது அதில் நாயகனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அவரும் பாலர் கம்பெனிப் பிள்ளையே. சிறுவயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து சீதை முதலிய பெண்வேடங்களைப் போட்டவர். பல ஆண்டுகள் பெண்வேடமே அவர் பெயரைச் சொல்லிற்று. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்துப் பெரியாரிடம் 'சிவாஜி' என்னும் பெயரைப் பெற்ற பின்னரும் பெண்வேடத்தை அவர் இழிவாக எண்ணவில்லை. வேலூரில் நூர்ஜகானாக நடித்த அவரைக் கண்டே பி. ஏ. பெருமாள் முதலியார் 'பராசக்தி'ப் படத்துக்கு அழைத்துக்கொண்டார்.

படப்பிடிப்புத் தொடங்கிய பின் வந்தது சோதனை. மெலிந்த உடலும் ஒட்டிய கன்னமும் நாயகனுக்கு ஒவ்வா, வேறு நடிகரை வைத்து எடுக்கலாம் என்ற பேச்சு ஸ்டூடியோவில் எழுந்தது. தயாரிப்பில் பங்குகொண்ட செட்டியாருக்கும் அதே ஐயம். இதில் செட்டியாரைக் குறை கூறுவது எளிது. பணம் போட்டவர் அஞ்சுவது இயற்கை. பெருமாள் முதலியார் மட்டும் அசையவில்லை. கணேசனின் உடலைத் தேற்றி, முன்பு எடுத்த காட்சிகளில் சிலவற்றைத் திரும்பவும் எடுத்தனர். 1952 அக்டோபர் 17, தீபாவளித் திருநாளில் படம் வெளிவந்தது. அந்தப் படப்பிடிப்பில் அவர் காமிராமுன் முதன்முதலாகப் பேசிய சொல் 'சக்சஸ்' என்பதைத் தமிழர் அனைவரும் அறிவர். அச்சொல்லைப் பேசிய வாயை மாற்றிவிடலாம் என்று பலர் கருதிய இடைக்காலத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கணேசன் மறக்கவில்லை, பொங்கல்தோறும் பெருமாள் முதலியார் இல்லத்துக்குச் சீர்வரிசை கொண்டுசென்று வணங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

சிவாஜியின் நடிப்பை மிகை என்று இக்காலத்து விமரிசகர் சிலர் குறைகூறுவர். ஒலிபெருக்கியற்ற கொட்டகையில், கடைசி வரிசைக்கும் கண்ணீர் தெரியவேண்டும் என்று பழக்கப்பட்ட முகம் அது. சீதையாகவும் நூர்ஜகானாகவும் இருந்து பெற்ற நளினம் அவர் கைவிரல்களில் கடைசிவரை தங்கியிருந்தது. நாயகனாகிய பிறகு பயின்றால் அது கிடைத்திராது.

இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இருவர் உளர். ஒருவர் எம். கே. தியாகராஜ பாகவதர். தமிழ்நாட்டில் அதுபோன்றதொரு குரல் அவர்க்குப்பின் திரையில் ஒலிக்கவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-இல் விடுதலையானார். சிறையும் அவர் குரலைப் பறிக்கவில்லை என்றே அவரைக் கேட்டவர்கள் சொல்வர். எனினும் 1948-இல் 'ராஜமுக்தி', 1952-இல் 'அமரகவி', 1957-இல் 'புதுவாழ்வு' என எடுத்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 'ராஜமுக்தி'யில் அவருக்குக் கீழ்ப்பட்ட வேடம் ஒன்றில் நடித்தவர் யார் தெரியுமா? இராமச்சந்திரன்தான். கொட்டகைக்கு வந்த மக்கள் அப்பொழுது பாட்டைக் கேட்க வந்த மக்களாக இல்லை; வசனத்தையும் வாள்வீச்சையும் நாடினர். உச்சியில் இருந்த காலமெல்லாம் பாட்டு ஒன்றே போதுமானதாக இருந்த பாகவதருக்கு, வேறொன்றைத் தேடவேண்டிய தேவை காலத்தில் எழவில்லை. எழுந்தபோது வயதும் உடல்நலமும் இடங்கொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் நாள் அவர் காலமானார். அவர் வாழ்வின் முடிவைப் படிக்கும்போது, எதிரியாக இருப்பவர்க்கும் கண் கலங்கும்.

மற்றவர் முன்னே சொன்ன அபிமன்யு, தி. க. சண்முகம். சகோதரர் நால்வரும் 1925-இல் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர்; கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்த இடமும் அதுவே. 1940-களில், முப்பது வயதை எட்டிய ஆண்மகனான சண்முகம், தமிழ்க் கிழவி ஔவையாராக மேடையில் தோன்றினார். இளமைக் குரலை இழந்த நடிகர்கள் அதை மீட்கப் பாடுபட்ட உலகில், அவர் முதுமைக் குரலைத் தாமே வரவழைத்துக்கொண்டு, நடுக்கத்தையும் தழுதழுப்பையும் கலையாக்கினார். 'ஔவை' என்பது அவர் பெயரின் முன்னொட்டாகவே நிலைத்துவிட்டது. அவரிடம் பிற்காலத்தில் நாடகம் பயின்ற சிறுவருள் ஒருவர் கமல்ஹாசன். 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாகப் புகழ்பெற்று, பருவம் வந்ததும் வேடமின்றி நின்று, நடன ஆசிரியருக்கு உதவியாளராகச் சில ஆண்டு உழைத்தவர். கம்பெனிகள் மறைந்தும் மகரக்கட்டு மறையவில்லை என்பதற்கு அவர் சான்று.

இனி, இவ்வரலாற்றில் ஒருவருக்கு மட்டும் அந்நிலை இருமுறை வாய்த்தது. 1967 ஜனவரி 12-ஆம் நாள், சென்னை இராமாபுரத்தில் தம் இல்லத்தில், எம். ஜி. இராமச்சந்திரன் சக நடிகர் எம். ஆர். இராதாவால் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினார், படுக்கையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் சட்டமன்றத் தேர்தலிலும் வென்றார். ஆனால் குரல் சிதைந்துவிட்டது. ஐம்பது வயதில், புகழின் உச்சியில், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நேர்வது நேர்ந்தது. அப்பிள்ளைக்காவது குரல் பின்னர் நிலைபெறும் என்ற நம்பிக்கை உண்டு.

பாட்டுக்கு ஏற்கெனவே இரவல் குரல் இருந்தது. பேச்சுக்கும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் அதற்கு இசையவில்லை. தம் குரலிலேயே பேசுவேன் என்று நின்று, சொற்களை ஒவ்வொன்றாகப் பழகினார். சில எழுத்துகள் அவருக்கு வசப்படவே இல்லை. 1978 வரை வெளிவந்த அவர் படங்களில் அது கேட்கும். 1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்கார'னுக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் என்னும் விருதைப் பெற்றதும் அந்தக் குரலோடுதான்.

சுடப்பட்ட காலத்தில் பாதி எடுக்கப்பட்டிருந்த படம் 'காவல்காரன்'. குணமான பின் மீதியை எடுத்து, 1967 செப்டம்பரில் வெளியிட்டனர். முன்பு எடுத்த காட்சிகளில் பழைய குரலும், பின்பு எடுத்தவற்றில் புதிய குரலும் மாறி மாறி ஒலிக்கின்றன. ஒரே படத்தில் ஒரே மனிதனுக்கு இரண்டு குரல்கள். அந்நாளில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் அதைக் கேட்டுச் சிரித்தவர் எவருமில்லை.